எல்லாப் பூச்சிக்கும் ஒரே மாத்திரையா?



தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் வயிற்றுப்பூச்சியைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், தொலைபேசி ஓயாமல் ஒலிக்கும். அழைப்பவர்களில் பாதிப்பேர் “எங்கள் அண்ணன் மகனுக்கு”, “பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு” என்றுதான் தொடங்குவார்கள். சொந்தப் பிள்ளைக்கு என்று சொல்ல ஒரு கூச்சம். ஆனால் கேள்வி எல்லாருக்கும் ஒன்றுதான். எந்தப் பூச்சி மாத்திரை நல்லது?

அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. எந்தப் பூச்சி?

நாம் பேச்சுவழக்கில் பூச்சி என்று சொல்வது குடற்புழுக்களைத்தான். அவற்றில் உடல் உருண்டு நீண்டு இருப்பவை உருளைப்புழு இனத்தைச் சேர்ந்தவை. மனிதக் குடலில் குடியிருக்கும் இந்த இனத்தில் நாம் அறிந்திருக்க வேண்டியவை ஐந்து. நம் பாட்டிமார் நாக்குப்பூச்சி என்று சொன்ன பெரிய உருளைப்புழு, கீரிப்பூச்சி எனப்படும் நூல்புழு, கொக்கிப்புழு, சாட்டைப்புழு, கடைசியாக ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்ற ஒன்று. யானைக்கால் நோயைத் தரும் புழுவும் இவற்றின் உறவுதான். அது குடலில் தங்குவதில்லை என்பதால் இன்று அதை விட்டுவிடுவோம். இந்த ஐந்தும் ஓர் இனம் என்றாலும் உடலுக்குள் நுழையும் வழி வேறு, கண்டுபிடிக்கும் முறை வேறு, மருந்துக்குக் கட்டுப்படும் விதமும் வேறு.

“இந்தக் காலத்தில், அதுவும் மலேசியாவில், இதெல்லாம் இருக்கிறதா?” என்று சிலர் கேட்பதுண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்குப் புழு மருந்து கொடுக்கும் தேசியத் திட்டம் ஒன்றைச் சுகாதார அமைச்சு 1974-இல் தொடங்கியது. நோய் குறைந்துவிட்டது என்ற நிலையில் 1983-இல் அது நிறுத்தப்பட்டது. பட்டணங்களைப் பொறுத்தவரை குறைந்தது உண்மைதான். ஆனால் பூர்வக்குடி மக்களின் கிராமங்களில் உள்ளூர்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதற்குப் பின்னும் மீண்டும் மீண்டும் சோதித்துப் பார்த்ததில், பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் புழு இருந்த ஊர்கள் தென்பட்டன. மருந்து கொடுத்த சில மாதங்களிலேயே பலருக்கு மீண்டும் தொற்றியிருந்தது. உலக அளவில், மண் வழியாகப் பரவும் குடற்புழுக்கள் ஏறத்தாழ 150 கோடிப் பேரைப் பீடித்திருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

நம் வீடுகளில் புழுவை அடையாளம் காண்பதற்கென்றே சில நம்பிக்கைகள் உண்டு. பிள்ளை தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடித்தால் பூச்சி. கன்னத்தில் வெளிறிய திட்டு வந்தால் பூச்சி. நிறைய மிட்டாய் தின்றால் பூச்சி. மூன்றுமே நம்பத் தக்க அடையாளங்கள் அல்ல. பல் கடிக்கும் பிள்ளைகளில் மிகப் பலருக்குப் புழு இருப்பதில்லை. கன்னத்துத் திட்டு பெரும்பாலும் வறண்ட தோலில் வரும் ஒரு சாதாரணத் தோல் கோளாறு. மிட்டாயிலிருந்து புழு பிறப்பதில்லை. முட்டையோ புழுக்குஞ்சோ உள்ளே போனால்தான் புழு. மிட்டாயைப் பிடித்த கையைக் கழுவினார்களா என்று கேட்டால், அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

விளக்கெண்ணெய்க்கும் இங்கேயே ஒரு வார்த்தை. தோட்டப்புறங்களில் வளர்ந்தவர்களுக்கு ‘பேதிக்குக் கொடுப்பது’ என்றாலே இன்றும் முகம் சுளிக்கும். விளக்கெண்ணெய் குடலைக் காலி செய்யுமே தவிர புழுவைக் கொல்லாது. வேப்பங்கொழுந்து உருண்டையும், சோதித்து நிரூபிக்கப்பட்ட மருந்துக்கு ஈடாகாது.

சரி, ஐந்தில் முதலாவதுக்கு வருவோம். பெரிய உருளைப்புழுவைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ, மண்புழு பருமனில், பெண்புழு 35 சென்டிமீட்டர் வரை நீளும். ஒரு பெண்புழு நாளொன்றுக்கு 2 இலட்சம் முட்டைகள் வரை இடும். மலத்தோடு வெளியேறும் அந்த முட்டை, மண்ணில் சில வாரம் கிடந்து பக்குவப்பட்ட பிறகுதான் தொற்றும். கழுவாத கீரை, மண்ணளைந்த கை ஆகியவற்றின் வழியே வாய்க்குப் போகும். உள்ளே பொரிக்கும் குஞ்சு நேரே குடலில் தங்கிவிடுவதில்லை. இரத்தத்தில் ஏறி, நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு வந்து, விழுங்கப்பட்டு மீண்டும் குடலுக்கு வந்து சேர்கிறது. அந்தப் பயண நாள்களில் வறட்டு இருமலும் இளைப்பும் வரலாம். மலத்தில் அப்போது ஒரு முட்டைகூட இருக்காது, ஏனென்றால் புழு இன்னும் முட்டையிடும் வயதுக்கு வரவில்லை.

பிள்ளை வாந்தியிலோ மலத்திலோ புழு வந்தால் அருவருப்பில் உடனே தண்ணீர் ஊற்றித் தள்ளிவிடாதீர்கள். மூடியுள்ள சிறு புட்டியில் போட்டு கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். அதைவிட நல்ல சான்று மருத்துவருக்கு வேறு எதுவும் இல்லை. வயிறு உப்பி, கடும் வலியுடன் வாந்தி எடுத்து, மலமும் காற்றும் பிரியாமல் நின்றுவிட்டால் மட்டும் புட்டியைத் தேடிக் கொண்டிருக்காமல் நேரே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். புழுக்கள் திரண்டு குடலை அடைத்திருக்கலாம். சில வேளைகளில் பித்தக் குழாய்க்குள்ளும் நுழைந்துவிடும்.

இந்தப் புழுவுக்கு அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் மாத்திரை ஒரே ஒரு முறை போதும். நம் மருந்தகங்களில் ஸென்டெல் என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த மருந்துதான். மெபெண்டசோலும் நன்றாக வேலை செய்யும். இவை புழுவைச் சர்க்கரைச் சத்து எடுக்க விடாமல் பட்டினி போட்டுக் கொல்கின்றன. அதனால் மறுநாளே புழு விழும் என்று காத்திருக்க வேண்டாம். சில நாள் ஆகலாம், விழுவது கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் இவற்றைத் தவிர்க்க வேண்டும். இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கு அளவு குறைவு, அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

இப்போது ஒரு கணக்கைப் பாருங்கள். இந்த மருந்துகளைப் பற்றிய பல ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2017-இல் ஒரு பெரிய அலசல் வெளியானது. அல்பெண்டசோல் ஒரு வேளை போட்டுக்கொண்டதில் உருளைப்புழு 100 பேரில் ஏறத்தாழ 95 பேருக்கு முற்றாக நீங்கியது. கொக்கிப்புழு 80 பேருக்கு நீங்கியது. சாட்டைப்புழுவோ 30 பேருக்கு மட்டுமே. மெபெண்டசோலை ஒரு வேளை எடுத்தவர்களில் கொக்கிப்புழு நீங்கியவர்கள் மூன்றில் ஒரு பங்கினர்தாம். அதே மாத்திரை, அதே அளவு, ஆனால் புழு மாறினால் பலன் இப்படி மாறுகிறது. “பூச்சி மாத்திரை போட்டாச்சு” என்று நிம்மதியாகச் சொல்வதற்கு முன் இந்த எண்களை நினைத்துக்கொள்வது நல்லது.

சாட்டைப்புழு பெருங்குடலின் சுவரில் தன் மெல்லிய முன்பாகத்தைத் தைத்துக்கொண்டு இருக்கிறது. அதனால்தான் எளிதில் விடுவதில்லை. மூன்று நாள் தொடர்ந்து மருந்து கொடுப்பது வழக்கம். புழு அதிகமாகிவிட்ட பிள்ளைக்குச் சளியும் இரத்தமும் கலந்த பேதி மாதக்கணக்கில் நீடிக்கும், வளர்ச்சி குன்றும், முக்கும்போது ஆசனக்குடல் வெளியே தள்ளுவதும் உண்டு. நம் பூர்வக்குடிப் பிள்ளைகளிடம் அதிகம் காணப்படுவது இதுதான்.

பட்டணத்து வீடுகளில், அடுக்குமாடிகளில், பாலர் பள்ளிகளில் அதிகம் உலவுவது நூல்புழு. இதற்கு மண் தேவையில்லை. வெள்ளை நூல்துண்டு போல, பெண்புழு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் இருக்கும். பிள்ளை தூங்கிய பிறகு ஆசனவாய்க்கு வெளியே வந்து, சுற்றியுள்ள தோலில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அந்த அரிப்பில் பிள்ளை சொறியும். முட்டை நகக்கண்ணில் ஏறும். விடிந்தால் விரல் வாய்க்குப் போகும். சில மணி நேரத்திலேயே முட்டை தொற்றும் நிலைக்கு வந்துவிடுகிறது. இரவில் தூக்கம் கெட்டுப் பகலில் சிடுசிடுப்பாக இருக்கும் பிள்ளையை ‘அடம்’ என்று திட்டுவதற்கு முன், தூங்கி இரண்டு மூன்று மணி நேரம் கழித்து டார்ச் விளக்குடன் பாருங்கள். பெண் பிள்ளைகளுக்குப் பிறப்புறுப்புப் பக்கம் அரிப்பு வருவதற்கும் இது காரணமாகலாம்.

இந்தப் புழு முட்டையைக் குடலுக்குள் இடுவதில்லை. ஆகவே மலப் பரிசோதனையில் பெரும்பாலும் அகப்படாது. “மலத்தைச் சோதித்தோம், ஒன்றுமில்லை என்றார்கள், ஆனால் அரிப்பு நிற்கவில்லை” என்று சொல்லும் தாய்மார்கள் பலர். இதற்குரிய சோதனை வேறு. காலையில் எழுந்ததும், குளிப்பதற்கும் மலம் கழிப்பதற்கும் முன், கண்ணாடி போன்ற ஒட்டு நாடாவை ஆசனவாய்ப் பகுதியில் ஒட்டி எடுத்து, கண்ணாடிச் சில்லில் பதித்துக் கொடுக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். மூன்று நாள் காலை தொடர்ந்து எடுத்தால் தப்புவது குறைவு.

மருந்து எளிது. அல்பெண்டசோல், மெபெண்டசோல், பைரண்டெல் ஆகிய மூன்றில் ஒன்று போதும். சிக்கல் இரண்டாவது வேளையில்தான் இருக்கிறது. மருந்து வளர்ந்த புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. ஆகவே இரண்டு வாரம் கழித்து மீண்டும் ஒரு வேளை கொடுத்தாக வேண்டும். வீட்டில் உள்ள அனைவரும் ஒரே நாளில் எடுக்க வேண்டும். “எனக்கு அரிப்பு இல்லையே” என்று அப்பா விலகிக்கொண்டால் அடுத்த மாதம் பிள்ளைக்கு மீண்டும் வந்துவிடும். மருந்து எடுத்த மறுநாள் காலை குளிப்பாட்டி, உள்ளாடையையும் படுக்கை விரிப்பையும் உதறாமல் சுருட்டியெடுத்து வெந்நீரில் துவைத்து, நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். முட்டை படுக்கையில் இரண்டு மூன்று வாரம்வரை உயிரோடிருக்கும். வசதியான, சுத்தமான வீடுகளிலும் இது வரும். அண்ணன் மகன்மேல் பழிபோட வேண்டியதில்லை.

கொக்கிப்புழு நம் வரலாற்றோடு சம்பந்தப்பட்டது. இது வாய்வழியாக வருவதைவிடப் பாதத்தின் வழியாக வருவதுதான் அதிகம். 1898-இல் எகிப்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானியர், புழுக்குஞ்சுகள் இருந்த நீரைத் தவறுதலாகத் தம் கையில் சிந்திக்கொண்டார். தோல் சிவந்து அரித்தது. சில வாரங்கள் கழித்து அவருடைய மலத்திலேயே கொக்கிப்புழு முட்டை கிடைத்தது. தோலைத் துளைத்து நுழையும் புழு என்பது உலகுக்குத் தெரிந்தது அப்படித்தான்.

ஈரமண், நிழல், வெறுங்கால், ஒதுக்குப்புறத்தில் மலம் கழிப்பது. இந்த நான்கும் சேர்ந்த இடம் எது? அந்நாளைய ரப்பர்த் தோட்டமேதான். 1915 முதல் 1917 வரை ராக்ஃபெல்லர் அறக்கட்டளை அனுப்பிய மருத்துவக் குழு ஒன்று, சாமுவேல் டார்லிங் என்பவர் தலைமையில் மலாயாவிலும் ஜாவாவிலும் ஃபிஜியிலும் கொக்கிப்புழுவை ஆராய்ந்தது. மலாயாவில் அவர்கள் பார்த்தவர்களில் தோட்டத் தொழிலாளர்களாக இருந்த தமிழர்களும் அடக்கம். மருந்து கொடுத்து, வெளியேறும் புழுக்களை எண்ணி, எவருக்கு எத்தனை என்று கணக்கெடுத்தார்கள். அமெரிக்கத் தென் மாநிலங்களில் இதே நோயால் வெளிறிச் சோர்ந்தவர்களைப் பார்த்த செய்தித்தாள்கள் 1902-இல் இதற்குச் ‘சோம்பல் கிருமி’ என்று பெயர் சூட்டியிருந்தன. நம் லயத்து வீடுகளில் அதே வெளிறிய முகத்தோடு வேலைக்குப் பிந்தி எழுந்தவருக்கு என்ன பெயர் கிடைத்திருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அது சோம்பல் அல்ல, இரத்தக் குறைவு. கொக்கிப்புழுவில் ஒரு வகை, புழு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 0.15 மில்லிலிட்டருக்குக் குறையாமல் இரத்தம் இழக்கச் செய்கிறது. அந்த வகையில் நூறு புழு இருந்தால் தினமும் மூன்று தேக்கரண்டி இரத்தம் போகிறது. வயிற்றுவலிகூட இருக்காது. மூச்சு வாங்கும், நகமும் இமையின் உட்புறமும் வெளுக்கும், சிலருக்கு மண்ணும் சாம்பலும் தின்னும் ஆசை வரும். மண் தின்னும் பிள்ளையை அடிப்பதைவிட அதன் இரத்தத்தைச் சோதிப்பது பயன் தரும். மலப் பரிசோதனையில் முட்டை தெரிந்தால் அல்பெண்டசோல். அதோடு முடிந்ததாக நினைக்கக் கூடாது, போன இரத்தத்தை ஈடுகட்ட இரும்புச் சத்து மாத்திரையும் சில மாதங்கள் எடுக்க வேண்டும். நாய், பூனையிடமிருந்து மனிதருக்கு வரும் ஒரு வகைக் கொக்கிப்புழுவும் நம் நாட்டில் கண்டறியப்பட்டுள்ளது. வீட்டு நாய்க்கும் புழு மருந்து கொடுக்கச் சொல்வது அதனால்தான்.

ஐந்தாவதற்கு வருகிறேன். இதற்கு மக்கள் வழக்கில் தமிழ்ப் பெயரே இல்லை, அவ்வளவுக்கு இதை நாம் அறியவில்லை. ஸ்ட்ராங்கிலாய்டிஸ் கண்ணுக்கு எளிதில் தெரியாத சிறு புழு. கொக்கிப்புழுவைப் போலவே வெறுங்கால் வழியாக நுழையும். மற்றவை ஓரிரு ஆண்டிலோ சில ஆண்டிலோ தாமாகவே சாகும், புதிதாகத் தொற்றினால்தான் மீண்டும் வரும். இதுவோ உடலுக்குள்ளேயே குஞ்சு பொரித்து, அந்தக் குஞ்சு குடலைத் துளைத்து மறுபடியும் சுற்றி வந்து வளர்ந்துவிடும். வெளியிலிருந்து ஒரு புழுகூட வர வேண்டியதில்லை. மருந்து கொடுக்காவிட்டால் ஆயுளுக்கும் தொடரும்.

இதற்குச் சான்று சயாம் மரண ரயில் பாதையிலிருந்து கிடைத்தது. 1942-43-இல் அங்கே நம் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மாண்ட கதை நமக்குத் தெரியும். அங்கும் மற்ற ஜப்பானிய முகாம்களிலும் இருந்து உயிரோடு பிரிட்டன் திரும்பிய போர்க் கைதிகளை லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி பல்லாண்டுகள் சோதித்து வந்தது. வீடு திரும்பிப் பல பத்தாண்டுகள் கழித்தும், வந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு மேல் இந்தப் புழு இருந்தது. பலருக்கு இடுப்பிலும் தொடையிலும் அவ்வப்போது சிவப்புக் கோடு போல் தடித்து, ஊர்ந்து, சில நாளில் மறையும் அரிப்பு மட்டுமே அடையாளம். அதே பாதையில் வேலை செய்து தோட்டத்துக்குத் திரும்பிய நம் மக்களை அப்படி ஆண்டுக்கணக்கில் அழைத்துச் சோதித்ததாக நான் படித்ததில்லை.

இந்தப் புழு சாதுவாக இருக்கும்வரை ஆபத்தில்லை. உடலின் எதிர்ப்புச் சக்தி அதை அடக்கி வைத்திருக்கிறது. ஸ்டீராய்டு மருந்து அந்தக் கட்டை அவிழ்த்துவிடும். ஆஸ்துமா, மூட்டுவாதம், தோல் நோய் என்று ப்ரெட்னிசலோன், டெக்சாமெத்தசோன் எடுக்கும்போது புழு தடையின்றிப் பெருகி நுரையீரல், மூளை என்று பரவும். குடல் கிருமிகளையும் கூடவே சுமந்து சென்று இரத்தத்தில் நஞ்சேற்றும். அந்த நிலைக்குப் போனவர்களில் பாதிப்பேருக்கு மேல் பிழைப்பதில்லை. இதில் கொடுமை என்னவென்றால், புழு நுரையீரலில் ஏறும்போது இளைப்பு வருகிறது. இளைப்புக்கு மேலும் ஸ்டீராய்டு கொடுக்கப்படுகிறது.

நம் வீட்டில் எழுபதைத் தாண்டிய தாத்தா பாட்டியை நினைத்துப் பாருங்கள். இளமையில் செருப்பில்லாமல் பால்மரம் வெட்டியவர்கள். இன்று முழங்கால் வலி. கிளினிக் ஸ்டீராய்டு கொடுத்தால் அது சீட்டில் எழுதியிருக்கும். ஆனால் ‘மூலிகை’ என்று பையில் அடைத்து விற்கப்படும் வலி மாத்திரைகளிலும் ஜாமு பொடிகளிலும் டெக்சாமெத்தசோன் இரகசியமாகக் கலக்கப்பட்டிருப்பதைச் சுகாதார அமைச்சு எத்தனையோ முறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது என்றால், எந்த மூலிகை அது என்று சந்தேகப்படுங்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தால் திடீரென்றும் நிறுத்தாதீர்கள்; பொட்டலத்தோடு மருத்துவரிடம் போங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் ஒற்றை அல்பெண்டசோல் இந்தப் புழுவிடம் தோற்றுவிடுகிறது. சாதாரண மலப் பரிசோதனையும் பல முறை இதைத் தவறவிடும், ஏனென்றால் மலத்தில் வருவது முட்டை அல்ல, சொற்பமான குஞ்சுகள். அவையும் தினமும் வருவதில்லை. இரத்தத்தில் ஈசினோபில் என்னும் வெள்ளணு கூடியிருந்தால் மருத்துவர் இதைச் சந்தேகிப்பார். அதற்கென உள்ள இரத்தப் பரிசோதனை, மல வளர்ப்புச் சோதனை ஆகியவற்றால் உறுதி செய்வார். கூடவில்லை என்பதற்காக இல்லை என்று ஆகிவிடாது.

இதற்குச் சரியான மருந்து ஐவர்மெக்டின். ஜப்பானிய மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து பிறந்தது. அதற்காக சதோஷி ஓமுராவும் வில்லியம் கேம்பெல்லும் 2015-இல் நோபெல் பரிசு பெற்றார்கள். கோவிட் காலத்தில் இதன் பெயர் நம்மிடையே தவறான காரணத்துக்காகப் புகழ் பெற்றது. கோவிட் கடுமையாவதை இது தடுக்கவில்லை என்று 2022-இல் வெளியான, நம் அரசாங்க மருத்துவமனைகளிலேயே நடந்த ஆய்வு காட்டியது. புழுவுக்கு அது உயிர்காக்கும் மருந்து. உடல் எடையில் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம், அதாவது 60 கிலோ எடையுள்ளவருக்கு 12 மில்லிகிராம். ஒரு வேளையா, இரண்டு நாளா, அதற்கு மேலா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். கர்ப்பிணிகளுக்கும் 15 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் வழக்கமாகக் கொடுப்பதில்லை. கால்நடைக்கு விற்கும் மருந்தை எவரும் தொடக் கூடாது.

நீண்ட நாள் ஸ்டீராய்டோ, புற்றுநோய் மருந்தோ, உறுப்பு மாற்று சிகிச்சையோ தொடங்கும் முன் மருத்துவரிடம் ஒரு வாக்கியம் சொல்லுங்கள்: “அம்மா தோட்டத்தில் வெறுங்காலோடு வேலை செய்தவர், இந்தப் புழு இருக்கிறதா என்று பார்க்க முடியுமா?” கிளினிக்கில் அவராகக் கேட்க நேரம் இருக்காது. மருந்து முடிந்த பிறகும் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் அதே இரத்தப் பரிசோதனையை மீண்டும் செய்து, அளவு இறங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். அந்தத் தேதியை வீட்டு நாள்காட்டியில் இப்போதே குறித்து வையுங்கள்.